ஆர்எக்ஸ் 100க்கு சேம்பர் பைப்: 48 மி.மீ. பிழையும் முக்கால் இன்ச் குழாயும்

வெட்டி ஒட்டி, மறுபடி வெட்டி, மூன்றாவது வடிவத்தில்தான் பைப் சரியாக வந்தது. சேம்பர் என்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் புகைக்குழாய்தான்; இரு பக்கமும் கூம்பாக, நடுவே பருத்திருக்கும். அதற்குள் போகும் அழுத்த அலை திரும்பி வந்து, குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் பலத்தைக் கூட்டும். கணக்கு தப்பவில்லை. டேப்பை எந்த இடத்தில் வைத்துப் பிடிப்பது என்பதிலும், கையில் கிடைத்த குழாயே போதும் என்று நினைத்ததிலும்தான் தப்பு. அளவுகளை அப்படியே தருகிறேன். வேறு டூ ஸ்ட்ரோக்குக்குச் செய்பவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டால் போதும், முறை ஒன்றுதான்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 50 மி.மீ., 98 சிசி, ரீட் வால்வு, நான்கு கியர். கம்பெனி சொன்ன கணக்கு 7500 ஆர்.பி.எம்.மில் 11 குதிரைசக்தி. போர்ட்டையும் ஹெட்டையும் தொடவில்லை. பைப், ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை), பிளக் மட்டுமே மாறின. இது டிராக்குக்கான வேலை. இதைப் பூட்டி ரோட்டில் இறங்கினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். சத்தத்துக்குத் தனியாக அபராதம் உண்டு.

முதலில் யோசிக்க வேண்டியது கியர்பாக்ஸ். சேம்பர் என்றதும் எல்லோரும் ரேஸ் பைப்பின் அளவைக் கேட்டு வாங்கி அப்படியே அடிக்கிறார்கள். அந்தப் பைப்புகள் ஆறு கியர் வண்டிக்காகப் போட்டவை. அவற்றின் பலம் 1500 ஆர்.பி.எம். அகலத்துக்குள் முடிந்துவிடும். இந்த வண்டியில் இரண்டாம் கியரை 8800 வரை இழுத்து மூன்றுக்கு மாற்றினால் முள் 6300க்கு விழுகிறது. அந்த 6300இல் பைப் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் வண்டி குழிக்குள் விழுந்து எழும். ஆகவே உச்சத்தை 8500இல் வைத்து, கூம்புகளின் சரிவைக் குறைவாக எடுத்தோம். வண்டியில் டேக்கோ (ஆர்.பி.எம். காட்டும் மீட்டர்) கிடையாது. பிளக் வயரில் சுற்றும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று போதும். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், காது பொய் சொல்லும்.

அடுத்தது எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் வாய்) எத்தனை டிகிரி திறந்திருக்கிறது என்ற அளவு. 360 டிகிரி வட்டம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்து, அலுமினியத் தகட்டில் ஒட்டி, மேக்னட் நட்டில் மாட்டினோம். முள்ளுக்கு வளைத்த கட்டுக்கம்பி. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, நடுவில் நீளமான போல்ட் ஒன்றை வைத்தால் பிஸ்டனை நிறுத்தும் முளை தயார். அதை மாட்டிக்கொண்டு வலப்பக்கம் சுற்றி இடிக்கும் இடம், இடப்பக்கம் சுற்றி இடிக்கும் இடம், இரண்டுக்கும் சரி நடுதான் டிடிசி, அதாவது பிஸ்டன் எட்டும் மேல் புள்ளி. கண்ணால் பார்த்து 'இதுதான் மேல் புள்ளி' என்று வைத்தால் 3 டிகிரி தாராளமாகத் தப்பும். டிடிசியைக் குறித்துவிட்டு முளையைக் கழற்றி, போர்ட்டுக்குள் டார்ச் அடித்து, 0.05 மி.மீ. ஃபீலர் தகடு நுழையும் நொடியைப் பார்க்க வேண்டும். டிடிசிக்குப் பின் 92 டிகிரியில் திறந்தது, மறுபக்கமும் 92. ஆக மொத்தம் 176 டிகிரி திறந்திருக்கிறது. இரு பக்கமும் ஒரே எண் வராவிட்டால் டிடிசி தப்பு என்று அர்த்தம், திரும்பச் செய்யுங்கள்.

நீளக் கணக்கு ஒரு வரிதான். திறந்திருக்கும் டிகிரியை 42545ஆல் பெருக்கி, வேண்டிய ஆர்.பி.எம்.மால் வகுத்தால் மில்லிமீட்டரில் நீளம் வரும். 176 × 42545 ÷ 8500 = 881 மி.மீ. இந்த 8500இல் ஒரு டிகிரிக்குச் சரியாக 5 மி.மீ. என்று விழுகிறது. டிகிரி அளவில் சோம்பல்பட்டால் பைப்பில் எவ்வளவு தப்பும் என்பது அதிலேயே தெரியும். இந்த 881 பிஸ்டன் முகத்தில் தொடங்கி, கடைசிக் கூம்பு அலையைத் திருப்பி அனுப்பும் புள்ளி வரை. அந்தப் புள்ளிக்கு, கூம்பை முனை வரை நீட்டினால் என்ன நீளம் வருமோ அதில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

பிரித்துப் போட்ட அளவுகள், எல்லாம் உள்விட்டம்: ஹெடர் (எஞ்சினிலிருந்து கிளம்பும் முதல் குழாய்) ஒரே அளவில் 35 மி.மீ., பிஸ்டனிலிருந்து 300 நீளம். டிஃப்யூசர் (விரியும் கூம்பு) மூன்று துண்டு: 35இலிருந்து 50க்கு 120 நீளம், 50இலிருந்து 68க்கு 100, 68இலிருந்து 84க்கு 70. பெல்லி (நடுவே பருத்த பகுதி) 84 விட்டம், 166 நீளம். கடைசிக் கூம்பு 84இலிருந்து 20க்கு 191 நீளம், அதாவது ஒரு பக்கச் சரிவு 9.5 டிகிரி. ரேஸ் பைப்பில் இதை 12 டிகிரி வரை எடுப்பார்கள். உச்சம் கூர்மையாக வரும், அதைத் தாண்டியதும் பொத்தென்று விழும். நான்கு கியருக்கு அது ஆகாது. கடைசியில் ஸ்டிங்கர் (புகை வெளியேறும் மெல்லிய குழாய்), 20 விட்டம், 240 நீளம்.

தகடு 18 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத இரும்புத் தகடு), 1.2 மி.மீ. ஜிஐ தகடு (துத்தநாகம் பூசியது) எடுக்கவே எடுக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பும், வெல்டும் நுரை நுரையாக வரும். 3 அடிக்கு 2 அடித் துண்டு 5 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். பைப்பில் சேருவது ஒன்றே கால் கிலோதான், மீதி தப்புக்கும் கழிவுக்கும்.

கூம்பை விரித்து வரைவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உள்விட்டத்தை வைத்து வரைந்தால் உருட்டிய பிறகு கூம்பு சிறுத்துவிடும். தகட்டின் நடுக்கோட்டை எடுக்க வேண்டும், அதாவது உள்விட்டத்தோடு 1.2 கூட்ட வேண்டும். நடுத்துண்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 50-68 என்பது 51.2-69.2 ஆகிறது. நீளம் 100, ஆரத்தில் வித்தியாசம் 9. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி மூலம் எடுத்தால் சரிவு நீளம் 100.4. இதைப் பெரிய விட்டத்தால் பெருக்கி, விட்ட வித்தியாசமான 18ஆல் வகுத்தால் வெளி வளைவின் ஆரம் 386. அதில் 100.4ஐக் கழித்தால் உள் வளைவின் ஆரம் 285.6. விரியும் கோணம் 180 × 69.2 ÷ 386 = 32.3 டிகிரி. பள்ளிக்கூடப் பாகைமானியால் இந்தக் கோணத்தைக் குறிக்க வேண்டாம். 386 மி.மீ. தள்ளி அரை டிகிரி என்பது 3 மி.மீ.க்கு மேல் போய்விடும். பதிலாக, வெளி வளைவின் இரு முனைகளுக்கும் நேர்கோட்டில் 214.5 மி.மீ. வருகிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம். கடைசிக் கூம்புக்கு ஆரங்கள் 257.8, 64.2, முனைக்கு முனை 255.8. பெல்லிக்கு வெறும் செவ்வகம், 267.7க்கு 166.

முதலில் காலண்டர் அட்டையில் வெட்டி, செலோ டேப் ஒட்டி, வண்டியில் வைத்துப் பார்த்தோம். இது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் கிக்கர் பெல்லியில் இடிக்கும் என்பது அட்டையிலேயே தெரிந்துபோனது. பிரேக் பெடலும் அப்படித்தான். முன்ஃபோர்க்கைக் கயிறு போட்டு முழுக்க அமுக்கிக் கட்டிவிட்டு, மட்கார்டுக்கும் ஹெடருக்கும் நடுவே 25 மி.மீ. இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப் பார்த்து இடம் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

வெட்டுவதற்கு டின் ஸ்னிப் போதும். உள் வளைவுக்கு மட்டும் ஏஜி4 கிரைண்டரில் மெல்லிய டிஸ்க் போட்டுக்கொண்டோம். உருட்டும்போது ஒரு விஷயம் உண்டு. சேரப்போகும் இரு ஓரங்களையும் 15 மி.மீ. அகலத்துக்கு முதலிலேயே வளைத்துவிட வேண்டும். அதை விட்டுவிட்டு நடுவிலிருந்து தொடங்கினால் ஓரம் கடைசி வரை தட்டையாகவே நின்று, கூம்பு மாங்காய் மாதிரி ஆகிவிடும். வைஸில் ஒரு இன்ச் ஜிஐ பைப்பைப் படுக்கையாகப் பிடித்து, தகட்டை அதன் மேல் வைத்துக் கைகளால் அழுத்தி, சிறுகச் சிறுகத் திருப்பி, தேவையான இடத்தில் மட்டும் மரச்சுத்தியால் தட்டினோம். இரும்புச் சுத்தி பட்ட இடமெல்லாம் தகடு நீண்டு தொப்பை போடும். கடைசிக் கூம்பின் சிறிய வாய் 20 மி.மீ.க்கு வருவதுதான் கஷ்டம். அதற்கு 16 மி.மீ. கம்பியை உள்ளே விட்டுத் தட்ட வேண்டியிருந்தது, அந்தத் துண்டு ஒன்றுக்கே முக்கால் மணி நேரம்.

ஹெடருக்கு ஒன்றரை இன்ச், 16 கேஜ் இஆர்டபிள்யூ டியூப். வெளிவிட்டம் 38.1, உள்ளே 34.9. இந்த அளவுக்குச் சுருக்கமில்லாமல் வளைத்துத் தரும் மெஷின் பக்கத்தில் இல்லாததால் துண்டு போட்டு ஒட்டினோம். ஒவ்வொரு வெட்டும் 7.5 டிகிரி சாய்வு. துண்டை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் ஒரு இணைப்புக்கு 15 டிகிரி வளைவு கிடைக்கும். 90 மி.மீ. வளைவு ஆரத்துக்கு ஒவ்வொரு துண்டும் உள்பக்கம் 18.7, வெளிப்பக்கம் 28.7, நடுவே 23.7 மி.மீ. ஏழு இணைப்பில் 105 டிகிரி வந்தது. டியூப்பை வெட்டும் முன்பே நீளவாக்கில் இரு பக்கமும் கோடு கிழித்துவையுங்கள். வெட்டிய பிறகு எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று தேடுவது பெரிய பாடு. ஃபிளேஞ்சை (சிலிண்டரோடு போல்ட் போடும் தட்டு) புதிதாக வெட்டவில்லை, துருப்பிடித்த பழைய சைலன்சரிலிருந்து அறுத்து எடுத்தது.

வெல்டிங் ஆர்கானில் (டிக் வெல்டிங்). 1.2 தகட்டுக்கு 45இலிருந்து 50 ஆம்பியர், 1.6 டங்ஸ்டன், 1.6 ஃபில்லர். ஆர்க் வெல்டிங்கில் முயன்ற சோதனைத் துண்டில் ஓட்டை மேல் ஓட்டை. கேஸ் வெல்டிங்கிலும் நன்றாக வரும், ஆனால் தகடு நெளியும். ஒவ்வொரு இணைப்பிலும் முதலில் நான்கு இடத்தில் பொட்டு வைத்து, வண்டியில் மாட்டிப் பார்த்து, திருத்தி, பிறகே சுற்றி அடைக்க வேண்டும். அடைத்த பிறகு உள்ளே துருத்திக்கொண்டிருக்கும் கசடைத் தேய்த்தோம், முக்கியமாக ஹெடரில். பிறகு இரு வாயையும் ரப்பர் அடைப்பானால் மூடி, 3 பிஎஸ்ஐ காற்று விட்டு, சோப்பு நீர் தடவினோம். ஐந்து இடத்தில் குமிழி. 3க்கு மேல் ஏற்றாதீர்கள், அடைப்பான் துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும்.

இனி தப்புகளின் வரிசை.

ஸ்டிங்கருக்கு முதலில் போட்டது முக்கால் இன்ச் 18 கேஜ் குழாய். வரைபடத்தில் 20 என்று எழுதியிருந்தும், கடையில் முக்கால் இன்ச்தான் இருந்தது, '19 தானே' என்று வாங்கியாயிற்று. 19 என்பது வெளிவிட்டம். உள்ளே 16.6 மி.மீ. முதல் ஓட்டத்தில் மூன்றாம் கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்து இரண்டு நிமிடத்தில் நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டும் சத்தம்), இழுவை மெல்ல மெல்ல இறங்கியது. பிளக் வெள்ளை. 'பெட்ரோல் போதவில்லை' என்று ஜெட்டை ஏற்றினோம். நடு ஆக்சிலரேட்டரில் வண்டி திணறத் தொடங்கியதே தவிர, நாக்கிங் போகவில்லை. இன்னொரு அளவு ஏற்றியும் அதே கதை. பிளக்கை லென்ஸில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: வெள்ளைப் பீங்கானில் உப்புத்தூள் தெளித்தாற்போல வெள்ளி நிறப் புள்ளிகள். அது பிஸ்டனிலிருந்து கழன்ற அலுமினியம். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டன் தலையின் அடிப்பக்கம் எண்ணெய் கருகிக் கன்னங்கரேல் என்று இருந்தது. காற்று வெளியேற வழியில்லாமல் சூடு உள்ளே தங்கிவிட்டது. 7/8 இன்ச் குழாய் மாற்றினோம்: வெளியே 22.2, உள்ளே 19.8. வெறும் 3 மி.மீ. வித்தியாசம், பரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல். நாக்கிங் அன்றோடு போயிற்று. வெள்ளைப் பிளக்கைப் பார்த்ததும் ஜெட்டைத் தேடாமல் ஸ்டிங்கரில் காலிப்பரை விட்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

சூடு தீர்ந்ததும் அடுத்தது வெளியே வந்தது. 8500க்குப் போட்ட பைப், 8000 தாண்டியதும் இழுவையை விட்டுவிட்டது. கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தும் 881தான். டேப்பை எடுத்து வைத்தபோது தப்பு பிடிபட்டது. ஹெடரின் 300 மி.மீ.ரை ஃபிளேஞ்சிலிருந்து அளந்திருக்கிறது. பிஸ்டன் முகத்திலிருந்து ஃபிளேஞ்ச் வரை சிலிண்டருக்குள்ளேயே 48 மி.மீ. இருக்கிறது. டியூப் 252தான் வந்திருக்க வேண்டும். உண்மையான நீளம் 929, அதற்கு உச்சம் 8060. மீட்டர் காட்டியதும் அதுதான். திருப்பங்கள் அதிகமுள்ள சின்ன டிராக் என்றால் அப்படியே விட்டிருக்கலாம், கீழே இழுவை நன்றாகவே இருந்தது.

ஏழு இணைப்புள்ள ஹெடரை அறுத்தால் வளைவு எல்லாம் கலையும். பெல்லி இரு பக்கமும் ஒரே விட்டம், எங்கே வெட்டினாலும் பொருந்தும். அதிலிருந்து 48 மி.மீ. வளையம் ஒன்றை அறுத்து எடுத்து, 118 ஆக்கி மறுபடி அடைத்தோம். ஹெடர் கொஞ்சம் நீளமாகவே நிற்கிறது. அது கீழ் ஆர்.பி.எம்.முக்கு நல்லதே, நான்கு கியருக்கு ஒருவகையில் லாபம். இப்போது 6000இல் பைப் விழித்துக்கொள்கிறது, 8800 வரை இழுக்கிறது, 9000இல் அடங்குகிறது. 5000க்குக் கீழே பழைய சைலன்சரே மேல், அதில் சந்தேகமில்லை.

மூன்றாவது தப்பு, பெல்லியின் பிடிமானம். 3 மி.மீ. பட்டையை நேராகத் தகட்டில் அடைத்து, ஃபிரேமில் போல்ட் போட்டு முறுக்கியாயிற்று. நான்காம் நாள் பட்டையின் ஓரத்தையொட்டி மயிரிழை விரிசல், அதன் வழியே கறுப்பு எண்ணெய்க் கோடு. எஞ்சின் நடுங்கும்போது பைப்பும் கூடவே ஆட வேண்டும், கட்டிப்போட்டால் தகடுதான் கிழியும். இப்போது பட்டைக்கு அடியில் 60க்கு 40 மி.மீ. அளவில் 2 மி.மீ. தகட்டை வைத்து, மூலைகளை உருட்டி, ஃபிரேம் பக்கம் ரப்பர் புஷ் போட்டிருக்கிறது.

ஜெட்டைப் புதிய பைப்புக்கு முதலிலிருந்து பார்த்தோம். பழைய மெயின் ஜெட்டைவிட மூன்று அளவு பெரிதில் தொடங்கி, முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கிளட்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்தி, பிளக்கைப் பார்த்து, இரண்டு அளவு மேலில் நின்றது. ஒருபோதும் சிறியதிலிருந்து தொடங்காதீர்கள், பிஸ்டனை விலையாகக் கேட்கும். பிளக்கையும் ஒரு எண் குளிர்ந்த வகைக்கு, அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும் வகைக்கு மாற்றினோம். என்ஜிகேயில் எண் கூடினால் குளிர்ச்சி, பாஷில் எண் குறைந்தால் குளிர்ச்சி. கடைக்காரர் இரண்டையும் குழப்பிக் கொடுக்க வாய்ப்புண்டு.

ஸ்டிங்கரின் கடைசியில் 60 மி.மீ. டப்பா, உள்ளே 22 மி.மீ. ஓட்டைக் குழாய், சுற்றிலும் கிளாஸ் வூல். உள் குழாய் ஸ்டிங்கரைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது, இருந்தால் முக்கால் இன்ச் கதை திரும்ப வரும்.

செலவு: தகடு 470, ஹெடர் டியூப் 150, ஸ்டிங்கர் இரண்டும் சேர்த்து 100, ஆர்கான் வெல்டிங் மூன்று தடவைக்கும் 1400, சைலன்சர் டப்பா 350, புஷ்ஷும் போல்ட்டும் 180, சூடு தாங்கும் பெயின்ட் 250, ஜெட்டுகள் 360. மொத்தம் 3260 ரூபாய். தப்புகள் இல்லாவிட்டால் 700 ரூபாய் மிச்சம். எடை சைலன்சர் டப்பா நீங்கலாக 2.1 கிலோ.

அடுத்த பைப்பில் ஹெடரையும் முதல் கூம்பையும் சேர்த்து அடைக்கப்போவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று 40 மி.மீ. நுழையும்படி வைத்து, இரு பக்கமும் ஸ்பிரிங் போட்டுவிட்டால், இழுத்து நீட்டியும் உள்ளே தள்ளியும் சரியான நீளத்தை வண்டியிலேயே பார்த்துவிடலாம். வெட்டும் முன் டியூப் மேல் மார்க்கரால் '252, ஃபிளேஞ்சிலிருந்து' என்று எழுதியும் வைத்தாயிற்று.